ராணிக்கு ராணி வெட்டலாமா? ‘பக்ஹவுஸ்’ செஸ்ஸில் ஜெயிப்பது எப்படி?

இரண்டு போர்டு, அணிக்கு 2 பேர். ஒருவர் வெள்ளை, பார்ட்னர் கறுப்பு. நீங்கள் வெட்டும் காய் பார்ட்னர் கைக்குப் போகும். தன் முறை வரும்போது, நகர்த்துவதற்குப் பதிலாக அதை அவர் காலிக் கட்டத்தில் வைக்கலாம். (சிப்பாயை மட்டும் முதல், கடைசி வரிசைகளில் வைக்க முடியாது.) ஒரு போர்டில் மேட் விழுந்தாலே அணி காலி.

சிக்கல் இங்கேதான். ராணிக்கு ராணி என்பது வழக்கமான செஸ்ஸில் சமக்கணக்கு. இங்கே நீங்கள் இழக்கும் ராணி, பார்ட்னரோடு மோதுபவர் கையில் போய் உட்காரும். பார்ட்னரின் ராஜா திறந்து கிடந்தால் கதை முடிந்தது. வெட்டும் முன், “ராணி வந்தா சமாளிப்பியா?” என்று கேட்டுவிடுங்கள், இந்த ஆட்டத்தில் பேசலாம்.

குதிரைக்குத் தனி மவுசு. தூரத்துச் செக்கை, கையிலுள்ள சிப்பாயை நடுவில் வைத்துத் தடுக்கலாம். குதிரை செக்கில் அது நடக்காது.

அடுத்த நகர்வில் மேட் என்றால்? நகர்த்தாமல், பக்கத்து போர்டிலிருந்து காய் வரும்வரை உட்கார்ந்திருப்பதும் உத்திதான். கடிகாரத்தில் நேரம் மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவே.