"டேய், மாங்கா அடிக்கிறான்டா!"
ஒரு நடுவருக்குக் குற்றம், இன்னொருவருக்குச் சரி. நடுவில் தவிக்கும் சிறுவர்கள்

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலை எந்த மைதானத்துப் பக்கம் போனாலும் இந்தச் சத்தம் காதில் விழும்.

"டேய், மாங்கா அடிக்கிறான்டா! நோ-பால் கொடு!"

தியாகராயநகர் சோமசுந்தரம் மைதானமாக இருக்கட்டும், தீவுத்திடலாக இருக்கட்டும், தகராறு ஒன்றுதான். மரத்து மாங்காயைக் கல்லால் அடிப்பது போல முழங்கையை மடக்கி, வெடுக்கென்று நீட்டிப் பந்தை எறிகிறான் என்பது புகார்.

அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. ஒரு பக்கத்து நடுவர் கையை நீட்டி "நோ-பால்" என்பார். அடுத்த ஓவரில் மறுபக்கத்து நடுவர் அதே மாதிரி பந்தை, "சரிப்பா, போடு" என்று விட்டுவிடுவார். தெருமுனை ஆட்டம் என்றால் பேட்டிங் கோஷ்டி ஆளே நடுவர். கேட்கவா வேண்டும்?

பார்க்கிறவர்களுக்கு இது சில்லறைச் சண்டை. பந்து போடுகிற 13, 14 வயசுப் பையனுக்கு அப்படி இல்லை. நாலு பேர் நடுவில் "திருட்டுப் பந்து" என்று பேர் வாங்கிவிட்டால், மறுவாரம் மைதானத்துக்கு வரவே கால் கூசும்.

விதி என்ன?

கை மடங்கி இருந்தாலே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

கை தோள் உயரத்துக்கு வந்த பிறகு, பந்து கையை விட்டுப் போகும் வரை, மடங்கிய முழங்கையை நிமிர்த்தக் கூடாது. இதுதான் சட்டம். மடங்கிய கை மடங்கியபடியே சுற்றி வந்தால் குற்றம் இல்லை.

முதல் தடவை நோ-பால், எச்சரிக்கை. அதே இன்னிங்சில் மறுபடி செய்தால் அந்த இன்னிங்ஸ் முடியும் வரை பந்து வீச முடியாது.

இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிறது. மைதானத்து நடுவரிடம் இருப்பது அவருடைய இரண்டு கண்கள்தான். அங்கேதான் வினை!

21 வயதில் முடிந்த கதை

தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ஜெப் கிரிபின் 1960-ல் இங்கிலாந்து போனார். வயது 21. சிறு வயதில் நடந்த விபத்தால் அவருடைய வலது கை முழுசாக நீளாது.

கவுண்டி அணிகளோடு ஆடியபோது சில நடுவர்கள் நோ-பால் சொன்னார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். முதல் டெஸ்ட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

லார்ட்ஸ் மைதானத்தில் 2-வது டெஸ்ட். நடுவர் பிராங்க் லீ 11 தடவை நோ-பால் சொன்னார். அதே ஆட்டத்தில்தான் கிரிபின் ஹாட்ரிக்கும் எடுத்தார்!

டெஸ்ட் சீக்கிரம் முடிந்ததால் ஒரு காட்சி ஆட்டம் நடந்தது. அதில் நடுவர் சிட் புல்லர் திரும்பத் திரும்ப நோ-பால் கொடுத்தார். நொந்துபோன கிரிபின், கையைக் கீழே வைத்து உருட்டிவிட்டார். முன்கூட்டியே சொல்லவில்லை என்று அதற்கும் நோ-பால்!

அதன் பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை.

மெல்போர்ன் ரகளை

இலங்கையின் முத்தையா முரளிதரன், பின்னாளில் சென்னை மாப்பிள்ளை ஆனவர். 1995 டிசம்பர் 26-ந் தேதி மெல்போர்னில் அவருக்கு நடந்தது இதைவிடக் கூத்து.

ஆஸ்திரேலிய நடுவர் டாரல் ஹேர், 3 ஓவருக்குள் 7 தடவை நோ-பால் சொன்னார். கேப்டன் ரணதுங்கா முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் நோ-பால் சொல்லவில்லை.

அதே நாள், அதே மைதானம், அதே கை. தீர்ப்பு மட்டும் இரண்டு!

பரிசோதனைக் கூடத்தில் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை முழுசாக நிமிராது. அந்த வளைவுதான் பார்க்கிறவர் கண்ணுக்கு எறிவது போலத் தெரிந்தது.

2004-ல் இங்கிலாந்தில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பையில் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். சுத்தமான கை என்று பேர் எடுத்தவர்கள் உள்பட ஏறக்குறைய எல்லோருமே கையைக் கொஞ்சம் நிமிர்த்துகிறார்கள் என்று தெரிந்தது. அதனால் 2005 மார்ச் முதல், சர்வதேச ஆட்டங்களில் 15 டிகிரி வரை நிமிர்த்தலாம் என்று எல்லை வைத்தார்கள்.

முரளி 2010-ல் காலியில் 800-வது டெஸ்ட் விக்கெட்டோடு விடைபெற்றார்.

போரூரில் அளக்கிறார்கள்

இந்த 15 டிகிரியை அளக்கும் இடம் ஒன்று நம்ம ஊரிலேயே இருக்கிறது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா விளையாட்டு அறிவியல் மையத்துக்கு 2014-ல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அங்கீகாரம் தந்தது.

கையில் சிறு குறிகளை ஒட்டி, சுற்றிலும் அதிவேகக் கேமராக்கள் வைத்து, ஒவ்வொரு ரகப் பந்தையும் அளப்பார்கள். பாகிஸ்தானின் சயீத் அஜ்மல், வெஸ்ட் இண்டீசின் சுனில் நரைன் இருவரும் 2015-ல் இங்கே சோதனைக்கு வந்து தேறிப் போனார்கள்.

பெரிய ஆட்டக்காரனுக்குச் சந்தேகம் வந்தால் புகார், சோதனை, திருத்தம், மறுசோதனை என்று வழி இருக்கிறது. சோமசுந்தரம் மைதானத்துப் பையனுக்கு? நடுவர் கத்துவார், கூட்டம் சிரிக்கும். அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

செலவில்லாத வழிகள் உண்டு. இன்று அப்பா சட்டைப் பையில் இருக்கும் செல்போனிலேயே மெதுவாக ஓடும் படம் எடுக்கலாம். பக்கவாட்டில் ஒன்று, எதிரே நின்று ஒன்று. டிகிரி கணக்கு அதில் கிடைக்காது. ஆனால் கை நிமிர்கிறதா என்கிற சந்தேகம் உண்டா, இல்லையா என்பது பயிற்சியாளருக்குத் தெரிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் 12 வயசிலேயே சொல்ல வேண்டும். பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அப்போது திருத்துவது சுலபம். 20 வயசுக்கு மேல், பழகின கையை மாற்றுவது பாடாய்ப் படுத்திவிடும்.

நடுவர்கள் இரண்டு பேரும் டாஸ் போடுவதற்கு முன்பே கலந்து பேசினால், ஒரு முனையில் குற்றம், மறுமுனையில் சரி என்கிற கூத்து பாதி குறையும்.

கிரிபினுக்கு யாராவது முன்னாலேயே எடுத்துச் சொல்லியிருந்தால், உலகமே பார்க்க லார்ட்சில் கூனிக் குறுகி நின்றிருக்க மாட்டார். முரளியின் கையை அளந்து பார்க்காமலே விரட்டியிருந்தால், அந்த 800 விக்கெட் இல்லை.

அடுத்த ஞாயிறு "மாங்கா!" என்று கத்த வாய் திறக்கும் முன், ஐயா, அந்தப் பையன் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள்.