துருவ இரவில் திங்கள்

பூகோளப் பாடத்தில் நான் பல்லாண்டுகள் ஒரு பிழையைக் கற்பித்து வந்தேன். வட துருவத்தில் 6 மாதம் பகல், 6 மாதம் இரவு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அவ்விரவு முழுதும் காரிருளே என்றும் சொல்லிவிடுவேன். ஒரு நாள் கடைசிப் பெஞ்சுச் சிறுவன் ஒருவன் எழுந்து, "அங்கே நிலாவும் வராதா, சார்?" என்று வினவினான். "சூரியனே வராத இடத்தில் நிலா ஏது? உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அதன்பின் அவன் என்னிடம் கேள்வி கேட்டதேயில்லை.

ஓய்வு பெற்றபின் ஒரு மாலை, மேசைமேல் விளக்கொன்றை ஏற்றிவைத்து, ஆரஞ்சுப் பழத்தில் குச்சி ஒன்றைச் செருகிப் பார்த்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். விளக்கே ஞாயிறு. குச்சியின் மேல்முனை விளக்கைவிட்டு விலகிச் சாயுமாறு பழத்தைப் பிடித்தால், அது டிசம்பர் மாதத்துப் பூமி. வடமுனையில் ஒளி படுவதில்லை. இனி, பௌர்ணமியன்று திங்கள் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறத்தில் அல்லவா நிற்கும்? வடமுனை சாய்ந்திருப்பதும் அப்புறமே! ஜூன் மாதத்துச் சூரியன் எவ்வாறு அங்கே மறையாமல் சுற்றுகிறதோ, அவ்வாறே டிசம்பர் முழுமதியும் மறையாமல் சுற்றுகிறது. அமாவாசைத் திங்களோ சூரியன் பக்கம் நிற்பதால் அடிவானத்தின் கீழேயே கிடக்கும்.

ஆகவே நடுக்குளிர்காலத்தில் துருவத்தில் நிற்பவருக்கு வளர்பிறையின் அரைமதி எழும். வானை ஒரு முறை வலம்வர 25 மணிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டு, முழுமதியாகி, ஏறத்தாழ 14 நாளில் தேய்பிறையின் அரைமதியாக மறையும். மெல்லிய பிறைக்கீற்றை அப்பருவத்தில் அவர் காண்பதே இல்லை. திங்கள் ஏறும் உயரமும் 18.6 ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறையும். 2015இல் அது சுமார் 18 பாகை, 2025இல் சுமார் 28 பாகை.

நார்வே நாட்டு நான்சென் 1893இல் 'பிராம்' கப்பலைப் பனிக்கட்டியில் உறையவிட்டு, அதனோடு மிதந்து சென்றவர். திங்களைச் சூழ்ந்த ஒளிவட்டத்தையும், அதன் இருமருங்கும் தோன்றிய போலித் திங்கள்களையும் அவர் சித்திரமாகத் தீட்டினார். மாயமன்று அது, காற்றில் மிதக்கும் ஆறுபக்கப் பனித்துகள்கள் நிலவொளியை 22 பாகை வளைப்பதால் விளைவது.

கடலுக்குள்ளும் இந்நிலவு எட்டுகிறது. வடதுருவக் கடலின் நுண்ணிய மிதவை உயிர்கள், சூரியனற்ற மாதங்களில் 24.8 மணி நேரத் திங்கள் நாளைப் பின்பற்றி ஏறி இறங்குவதாகவும், முழுமதியையொட்டிச் சுமார் 50 மீட்டர் ஆழத்திற்குச் செல்வதாகவும் 2016இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. தம்மை வேட்டையாடுவனவற்றின் கண்ணுக்குத் தப்பவே இவ்வாறு செய்கின்றன என்பது ஆய்வாளர் கருத்து.

அச்சிறுவன் இப்போது எவ்வூரிலிருக்கிறானோ அறியேன். இப்பேச்சு அவன் செவியில் விழுமாயின், அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: வரும் தம்பி, வந்தால் 14 நாள் போகாது.