எஞ்சினுக்கு நீராட்டு

ஆயுத பூஜைக்கு முதல் நாள் நம் ஊர்களில் எந்தத் தெருவில் நடந்தாலும் வண்டி கழுவுவோரைக் காணலாம். மோட்டார் வண்டியின் வெளிப்புறம் கண்ணாடிபோல் பளபளக்கும். மறுநாள் அதற்குச் சந்தனமும் குங்குமமும் மாலையும் உண்டு. ஆனால் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தாலோ, எண்ணெயும் புழுதியும் கலந்து தடித்த கரிய போர்வை ஒன்றைப் போர்த்துக்கொண்டு எஞ்சின் கிடக்கும். அதையும் கழுவலாமா, கழுவினால் கெட்டுவிடாதா என்று நண்பர்கள் பலர் என்னைக் கேட்டதுண்டு. கழுவலாம், முறை அறிந்து கழுவவேண்டும். முறை அறியாமல் கழுவியவர்களுள் நானும் ஒருவன் ஆதலால், இதைப்பற்றிப் பேசச் சிறிது தகுதி எனக்கு உண்டு என்றே எண்ணுகிறேன்.

1994-ஆம் ஆண்டில் என்னிடம் ஒரு பழைய அம்பாசிடர் வண்டி இருந்தது. வெளியூர் சென்று திரும்பிய சூட்டோடு, நாளை பூஜையாயிற்றே என்னும் அவசரத்தில், தோட்டத்து ரப்பர்க் குழாயை எடுத்து எஞ்சின்மேல் பீய்ச்சினேன். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. அழுக்கு என்னவோ பாதிதான் போயிற்று. வண்டி மட்டும் கிளம்ப மறுத்துவிட்டது. பட்டறையிலிருந்து வந்த முதிய மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, தோசைக்கல் விரிந்தால் சந்தையில் வேறு வாங்கிக்கொள்ளலாம். இது விரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்டார்.

அவர் சுட்டிக் காட்டியது, எரிந்த புகையை எஞ்சினிலிருந்து வெளியே கொண்டுசெல்லும் வார்ப்பிரும்புக் குழாயை. ஓடும் வண்டியில் அது பல நூறு டிகிரி சூடேறி விரிந்திருக்கும். அதன் ஒரு பக்கத்தில் குளிர்ந்த நீர் பட்டால் அப்பக்கம் மட்டும் திடீரெனச் சுருங்கும். மறுபக்கம் விரிந்தபடியே நிற்கும். இந்த இழுபறியில் இரும்பு வெடிப்பு விடக்கூடும். நல்வினைப் பயனாக என் வண்டியில் அது நிகழவில்லை. நனைந்தது டிஸ்ட்ரிபியூட்டர். ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பல்லாயிரம் வோல்ட் மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் உறுப்பு அது. அழுக்கு நீர் மின்சாரத்துக்கு நல்ல வழி. பிளக்கில் பொறியாகத் தெறிக்க வேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியே கசிந்து வண்டியின் உடலுக்குப் போய்விட்டது. பெரியவர் மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்துச் சற்று நேரம் வெயிலில் வைத்தார். வண்டி கிளம்பியது.

அம்பாசிடர் வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. இன்றைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. பிளக் ஒவ்வொன்றின் தலையிலும் தனித்தனியே மின்சுருள் அமர்ந்திருக்கிறது. கூடவே சிறு கணிப்பொறி, எண்ணற்ற கம்பி இணைப்புகள், உணர்கருவிகள். இவை மழைச் சாரலைத் தாங்கும். ஆனால் 'வாட்டர் சர்வீஸ்' நிலையங்களில் வண்டியின் அடிப்பாகத்துக்குப் பயன்படுத்தும் அழுத்த நீர் வேறு வகை. அது ரப்பர் அடைப்புகளையும் தள்ளிக்கொண்டு இணைப்புகளுக்குள் நுழைந்துவிடும். நுழைந்த நீர் உள்ளேயே தங்கி, சில வாரங்கள் கழித்துப் பச்சைக் களிம்பாகத் தன் வேலையைக் காட்டும். எஞ்சின் அறைக்கு அழுத்த நீர் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

நீரைக் காட்டிலும் கொடியது ஒன்று உண்டு. நேயர்களுள் சிலர், எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கப் பெட்ரோல் நல்லது என்று கேள்விப்பட்டிருக்கலாம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பட்டறையில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் பெட்ரோலில் நனைத்த துணியால் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். பாட்டரி இணைப்பை யாரும் கழற்றியிருக்கவில்லை. அவன் கையிலிருந்த ஸ்பானர் எங்கோ பட்டு ஒரு பொறி எழுந்தது. அடுத்த கணம் துணியும் கையும் எரிந்தன. மணல் வாளி அருகில் இருந்தமையால் வண்டியும் கூரையும் தப்பின. அவனுடைய வலக்கை விரல்கள் பின்னர் முழுமையாக நீளவில்லை. பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் பொருள். நம் ஊர் வெயிலில் அதைத் திறந்துவைப்பதே ஆபத்து. மண்ணெண்ணெய் அவ்வளவு விரைவில் பற்றாது என்பது உண்மையே. ஆயினும் அதன் எல்லையும் ஏறக்குறைய 40 டிகிரிதான். சூடான எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டன்று. இவ்விரண்டும் ரப்பர்க் குழாய்களை உப்பச் செய்து கெடுக்கும் என்பது வேறு. காஸ்டிக் சோடாவும் ஆகாது; அது அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும்.

இனி முறையைச் சொல்கிறேன். கையை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்குமளவு எஞ்சின் ஆறட்டும். சாவியை எடுத்து விடுங்கள். பாட்டரியின் எதிர்முனை இணைப்பை முதலில் கழற்றுங்கள். நேர்முனையை முதலில் கழற்றப் புகுந்தால் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பொறி பறக்கும். பின்னர் காற்று நுழையும் வாய், ஆல்டர்னேட்டர், ஃப்யூஸ் பெட்டி, பிளக்குகளின் மேலுள்ள மின்சுருள்கள், கணிப்பொறிப் பெட்டி ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடி இறுகக் கட்டுங்கள். காற்று வாயைப் பற்றி மட்டும் ஒரு சொல் அதிகம் சொல்லவேண்டும். அதன் வழியே நீர் மிகுதியாகச் சிலிண்டருக்குள் சென்றால், காற்றைப்போல் அதை அழுத்திச் சுருக்க இயலாது. பிஸ்டன் மேலே வரும். நீர் இடம் கொடாது. முடிவில் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும்.

ஆரஞ்சு நிறக் கம்பிகள் ஓடும் மின்சார வண்டியானால், இந்த வேலையை அதற்கெனப் பயின்றவரிடம் விட்டுவிடுங்கள். அக்கம்பிகளில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்சாரம்.

நீரைத் தொடுமுன் உலர்ந்த குப்பையை அகற்றவேண்டும். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியில் சருகுகள் கண்ணாடியின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைத்திருக்கும். எலி கட்டிய கூட்டையும் நான் ஒருமுறை எடுத்திருக்கிறேன். பஞ்சு, கயிறு, கடித்த மின்கம்பியின் உறை எல்லாம் அதில் இருந்தன.

மற்றபடி நம் வீட்டு எண்ணெய்க் குளியலே இதற்கும் இலக்கணம். எண்ணெய் தேய்த்த தலையில் வெறும் நீரை ஊற்றினால் நீர் வழிந்தோடும். எண்ணெய் அங்கேயே நிற்கும். சீயக்காய் தேய்த்தால் அது எண்ணெயைப் பற்றிக்கொண்டு நீரோடு செல்லும். நீரில் கரையும் பிசுக்கு நீக்கி செய்வதும் இதையேதான். அதைத் தெளித்து, ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட்டு, தடித்த இடங்களை மென்மையான தூரிகையால் தேய்க்க வேண்டும். உலரவிடுதல் கூடாது; ஆகவே வெயிலில் செய்யாதீர்கள். கழுவுவதற்குப் பூவாளி போதும். கீழிருந்து மேலாகத் தேய்த்து, மேலிருந்து கீழாக நீர் விடுங்கள். வழியும் கருநீரைச் சாக்கடைக்கு அனுப்பாமல், அடியில் தகரத் தட்டும் மரத்தூளும் வைத்துப் பிடிப்பது நல்லது.

பைகளை அவிழ்த்து, துணியால் ஒற்றி, மூடியைத் திறந்தபடியே ஓரிரு மணி நேரம் விட்டபின் பாட்டரியை இணைத்து எஞ்சினைக் கால் மணி ஓடவிடுங்கள். அப்பொழுது வேட்டி நுனியையும் மேல்துண்டையும் புடவைத் தலைப்பையும் செருகிக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்கும் விசிறிக்கும் துணியென்றும் கையென்றும் வேறுபாடு தெரியாது. புதிய வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் விசிறி தானாகச் சுழலத் தொடங்குவதுண்டு.

இத்தனை பாடும் பளபளப்புக்காக என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். விற்பனைக்கு நிற்கும் பழைய வண்டியின் எஞ்சின் புதுப்பெண்போல் மினுங்கினால் எனக்கு ஐயமே எழும். கசிவை மறைக்கவும் கழுவுவார்கள். எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்பதை அழுக்கின்மேல் அறிய முடியாது. எல்லாமே ஈரமாகத் தெரியும். சூடான புகைக்குழாய்மேல் கசிந்த எண்ணெய் சொட்டினால் ஓடும் வண்டியே தீப்பற்றும். ஆகவே கழுவிய இரண்டு மூன்று நாள் கழித்து மூடியைத் திறந்து மீண்டும் பாருங்கள். நானும் அம்பாசிடரைப் பின்னர் ஒழுங்காகக் கழுவிவிட்டு, மூன்றாம் நாள் டார்ச் விளக்கோடு குனிந்து பார்த்தேன். சுத்தமான இரும்பின்மேல் ஒரே ஒரு ஈரக்கோடு, வால்வு மூடியின் பின்மூலையிலிருந்து புகைக்குழாயை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கார்க்கு கேஸ்கெட் காய்ந்து நொறுங்கியிருந்தது. மாற்றுவதற்கு அரைமணி நேரமே ஆயிற்று.