உறைந்த கருவும் பில்லின் வரிகளும்

உறைய வைத்த கருவைக் கருப்பையில் வைக்கும்போது எதற்குச் செலவு செய்தால் குழந்தை கிடைக்கும், எது வெறும் செலவு? எண்களையே கேட்போம்.

முதலில், கருவை ஏற்கக் கருப்பையைத் தயாராக வைக்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோன். ஹார்மோன் மாத்திரை கொடுத்துக் கருப்பையைத் தயார்செய்த பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. பெண்ணுறுப்பில் வைக்கும் மருந்து மட்டும் என்றால் 100க்கு 27 குழந்தைகள். தினமும் 50 மி.கி. ஊசி என்றால் 44. பெண்ணுறுப்பில் வைக்கும் மருந்தோடு மூன்று நாளுக்கு ஓர் ஊசி சேர்த்தால் 46. ஏறக்குறைய ஐந்து பெண்களுக்கு ஒரு குழந்தை கூடுதல்! இந்த ஊசி மருந்து எண்ணெயில் கரைத்தது; பிட்டத்தில் ஆழமாகப் போட வேண்டும், போட்ட இடம் கட்டிப்போய் வலிக்கும். வாரக்கணக்கில் அதைத் தாங்கும் பெண்ணுக்கு 30 நாளில் 30 குத்துக்குப் பதில் 10 குத்து என்பது சின்ன விஷயமே இல்லை.

அடுத்து, கருப்பை உட்சுவரில் சிறிது கிள்ளி எடுத்து 'சரியான நேரம்' பார்க்கும் பரிசோதனை. இதற்கே தனியாக ஒரு சுழற்சி கழியும். 767 பெண்களிடம் சோதித்த 2022 ஆய்வில் பரிசோதனை முடிவுப்படி நேரம் குறித்தவர்களுக்குக் குழந்தைப்பேறு 58.5 சதவீதம், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களுக்கு 61.9 சதவீதம். கருப்பை உட்சுவரைச் சுரண்டிவிடும் முறைக்கு 2019இல் 1,364 பெண்களிடம் கிடைத்த விடை: சுரண்டினாலும் 26.1, சுரண்டாவிட்டாலும் 26.1. இரண்டையும் எல்லோருக்கும் எழுதித்தருவது நியாயமில்லை.

எல்லாக் கருவையும் உறைய வைப்பது நல்லதா? பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள 1,508 பெண்களிடம் சீனாவில் நடந்த ஆய்வில் (2016) புதிய கருவுக்கு 42 சதவீதமாக இருந்த குழந்தைப்பேறு உறைகருவுக்கு 49.3 ஆனது. சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்து 7.1இலிருந்து 1.3க்கு இறங்கியது. ஆனால் பிரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பகால உயர் ரத்த அழுத்தச் சிக்கல்) 1.4இலிருந்து 4.4க்கு ஏறியது. பிசிஓஎஸ் இல்லாத 782 பெண்களிடம் வியட்நாமில் பார்த்தபோது (2018) உறைகருவுக்கு 33.8, புதிய கருவுக்கு 31.5, பெரிய வித்தியாசமில்லை.

பிரீஎக்ளாம்ப்சியா பக்கத்தை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் கவலை. 2019இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில், ஹார்மோன் மாத்திரையால் தயார்செய்த கர்ப்பங்களில் அது 12.8 சதவீதம், சொந்த முட்டை வெளியேறும் சுழற்சியில் கரு வைத்தவர்களிடம் 3.9 மட்டுமே. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் சுரப்பி தாயின் ரத்தநாளங்களுக்குத் தரும் பாதுகாப்பு மாத்திரைச் சுழற்சியில் இல்லாததே காரணமாகக் கருதப்படுகிறது.

மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? அப்படியானால் இயற்கைச் சுழற்சியிலேயே கரு வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரைச் சுழற்சிதான் என்றால் புரோஜெஸ்ட்ரோன் ஊசி உண்டா என்று கேளுங்கள். கூடுதல் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போடுமுன், அதனால் 100க்கு எத்தனை குழந்தை கூடும் என்றும் கேளுங்கள்.