மருத்துவ ஆராய்ச்சியும் நம் நோயாளிகளும்



"மிஷன் மருத்துவமனைக்கு வருகிற ஏழைகளை வைத்து ஆராய்ச்சி செய்வது தகுமா?" என்று பங்காளர்கள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். நம் சபை மக்கள் சேர்த்துக் கொடுக்கிற காணிக்கையால் நடக்கிற இடத்தில், நோயாளி ஒருவர் சோதனைப் பொருளாக நடத்தப்பட்டால் அதற்கு நாம் எல்லோரும் கணக்குக் கொடுக்கவேண்டியவர்கள். ஆகவே இந்த இதழில் இதைக்குறித்துச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. இன்று காசநோயாளி ஒருவர் வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமடைகிறார். முன்பு அப்படியில்லை. மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்திருக்கவேண்டும். ஏழைகளுக்கோ படுக்கை கிடைப்பதே அரிது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் சிகிச்சை அளித்து ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்று 1959-ல் அறிவித்தது; அதனால் வீட்டாருக்கு நோய் தொற்றும் அபாயம் கூடுவதில்லை என்பதையும் காட்டியது. உலகமே தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. அந்த நன்மையை நம் கிராமங்களும் இன்றளவும் அனுபவிக்கின்றன.

நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் ஆராய்ச்சியும் உண்டு. காஞ்சிபுரமும் திருவள்ளூரும் ஒன்றாயிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், 1968-ல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆராய்ச்சி தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. யாரும் எதிர்பார்த்த முடிவல்ல அது. ஆனாலும் 1979-ல் மறைக்காமல் வெளியிட்டார்கள்; பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபின் 1999-லும் அதையே உறுதி செய்தார்கள். சிறு குழந்தைகளைத் தாக்கும் கொடிய காசநோய்களை அது தடுப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் அந்த ஊசி போடப்படுகிறது. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று நாம் தெளிவாகப் பேசமுடிகிறதென்றால், அதற்காகக் கை நீட்டிய நம் மாவட்டத்துக் கிராம மக்களுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

ஆனால் நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கும் சரித்திரம் சாட்சி. தொழுநோய்க் கிருமியை 1873-ல் கண்டுபிடித்த நார்வே மருத்துவர் ஹான்சனை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அதே ஹான்சன் 1879-ல், தன் மருத்துவமனையிலிருந்த பெண் ஒருவரின் கண்ணில், அவருடைய அனுமதியைக் கேளாமல் தொழுநோய்க் கசிவைச் செலுத்திப் பார்த்தார். மறுவருடம் பெர்கன் நகர நீதிமன்றம் அவரை அந்த மருத்துவமனைப் பணியிலிருந்து நீக்கியது. எவ்வளவு பெரிய அறிவாளியானாலும் நோயாளியின் உடல் மருத்துவருக்குச் சொந்தமல்ல.

அமெரிக்காவில் டஸ்கிகி என்ற இடத்தில் நடந்தது இன்னும் வேதனையானது. 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்னும் மேகநோய் கண்ட 399 ஏழைக் கறுப்பின ஆண்களை, அவர்கள் நோய் இன்னதென்று சொல்லாமலே அரசாங்க மருத்துவத் துறை கவனித்து வந்தது. பென்சிலின் அந்நோயைக் குணமாக்கும் என்று தெரிந்த பின்பும் அதைக் கொடுக்கவில்லை. அந்த மனிதர்கள் ஏன் தொடர்ந்து வந்தார்கள்? இலவசப் பரிசோதனை, சாப்பாடு, இறந்தால் அடக்கச் செலவு. தங்களுக்கு நன்மை செய்கிறவர்கள் என்று நம்பி வந்தார்கள். 1997-ல் அந்நாட்டு ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டார். அதற்குள் பலர் மரித்துப்போயிருந்தார்கள்.

நம் நாட்டிலும் 2009-ல், ஆந்திராவிலும் குஜராத்திலும் ஏறத்தாழ 24,000 சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் ஆய்வுத் திட்டம் நடந்தது. அந்தத் தடுப்பூசி நல்லதே. உலகெங்கும் இன்று பயன்படுகிறது. இடையில் நேர்ந்த சில மரணங்களுக்கும் ஊசி காரணமாயிருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனால் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்கு, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரே கையொப்பமிட்டிருந்தார். 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. தீங்கு நேராவிட்டாலும், கேட்கவேண்டியவரைக் கேட்காமல் செய்தது தவறுதான்.

இப்படிப்பட்டவைகளிலிருந்து உலகம் கற்றுக்கொண்டதை மூன்று வார்த்தைகளில் சொல்லலாம்: மதிப்பு, நன்மை, நீதி. 1979-ல் அமெரிக்காவில் வெளியான பெல்மான்ட் அறிக்கை இவற்றையே அடிப்படையாக வைத்தது. மனிதனை அவன் விருப்பமறிந்து நடத்தவேண்டும். அவனுக்கு நேரும் ஆபத்து குறைவாகவும் கிடைக்கும் பலன் அதிகமாகவும் இருக்கவேண்டும். ஆபத்தை ஏழை சுமக்க, பலனைப் பணக்காரன் அனுபவிக்கும்படி இருக்கக்கூடாது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-ல் தொடங்கி, 2000, 2006, 2017 ஆகிய ஆண்டுகளில் இதற்கான நெறிமுறைகளை விரிவாக்கியிருக்கிறது. புதிய மருந்துச் சோதனைகளுக்கு 2019-ல் சட்ட விதிகளும் வந்துள்ளன.

வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. தானியேலும் அவன் தோழரும் பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் உட்கொண்டு, ராஜபோஜனம் சாப்பிட்டவர்களோடு ஒப்பிடப்பட்டார்கள். அந்தச் சோதனையைக் கேட்டவன் தானியேலே. யாரும் அவன்மேல் சுமத்தவில்லை. பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் வியாதியாய்க் கிடந்தவனிடத்திலும், நம் ஆண்டவர் முதலாவது அவன் விருப்பத்தைத்தான் கேட்டார்.

விருப்பத்தைக் கேட்பது எளிது. உண்மையான பதிலைப் பெறுவதுதான் கடினம். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிற விவசாயக் கூலிகளிடமும் நெசவாளிகளிடமும் டாக்டர் எதைக் கேட்டாலும், "நீங்க சொன்னா சரிங்கய்யா" என்றுதான் பதில் வரும். அது சம்மதமல்ல, மரியாதை. சில சமயம் பயம். நமக்குக் குறைந்த செலவில் வைத்தியம் பார்த்தவர்களிடம் எப்படி முடியாது என்பது என்ற நன்றியுணர்வும் அதில் கலந்திருக்கும். இந்த நன்றியைப் பயன்படுத்திக்கொள்வதே மிஷன் மருத்துவமனைக்கு நேரக்கூடிய பெரிய சோதனை.

ஆகவே முறையான சம்மதம் என்பது ஒரு கையொப்பத்தோடு முடிவதில்லை. இது வழக்கமான சிகிச்சையல்ல, ஆராய்ச்சி என்பதை முதலில் சொல்லவேண்டும். என்ன செய்வார்கள், என்ன ஆபத்து, எத்தனை முறை வரவேண்டும் என்பதை அவர் பேசுகிற தமிழில் சொல்லவேண்டும். கேட்டதை அவர் வாயாலே திரும்பச் சொல்லச் செய்வது நல்ல வழி. "வீட்ல கேட்டுட்டு வர்றேங்க" என்றால் அவகாசம் கொடுக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆராய்ச்சியோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருந்து கையொப்பமிடவேண்டும். குழந்தையானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். விவரம் தெரிந்த வயதானால் குழந்தையையும் கேட்கவேண்டும். நடுவில் விலகினாலும் சிகிச்சையில் குறைவு இராது என்பதைத் தெளிவாய்ச் சொல்லவேண்டும். ஆராய்ச்சியால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்பதையும் அவர் அறிந்திருக்கவேண்டும்.

இதையெல்லாம் ஆராய்ச்சி செய்கிறவரே மேற்பார்வையிட்டால் போதாது. அதற்காகவே நெறிமுறைக் குழு என்ற ஏற்பாடு. 2019 விதிகளின்படி குறைந்தது ஏழு பேர். அவர்களில் பாதிப்பேராவது அந்த மருத்துவமனையைச் சாராதவர்கள். மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவரும், சாதாரணப் பொதுமகன் ஒருவரும், பெண் ஒருவராவதும் இருக்கவேண்டும். இறையியல் கற்றவருக்கும் அதில் இடமுண்டு. உத்திரமேரூர்க்காரருக்கு இது விளங்காத காரியமல்ல. நம்மூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் குடவோலையில் சேர்க்கக்கூடாது என்று விதிக்கின்றன. தன் காரியத்துக்குத் தானே நீதிபதியாயிருக்கலாகாது என்பதை நம் முன்னோர் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

பிரியமானவர்களே, இதில் உங்கள் பங்கு என்ன என்று கேட்பீர்கள். சிகிச்சைக்கு வழியில்லாத ஏழைக்கு, ஆராய்ச்சியில் சேர்ந்தால்தான் மருந்து கிடைக்கும் என்ற நிலை வந்தால், அவர் சம்மதம் சுயாதீனமான சம்மதமாயிராது. மருத்துவமனைக்கே பணக்குறைவு வந்து, ஆராய்ச்சிப் பணத்தை நம்பி நடக்கவேண்டியதானால், கேட்கிறவர்களுடைய நாவும் தடுமாறும். நீங்கள் அனுப்புகிற காணிக்கையோ நிபந்தனையின்றி வருகிறது. "எனக்கு இது வேண்டாங்கய்யா" என்று ஒரு ஏழைத் தாய் சொல்லிவிட்டு, அதே வரிசையில் நின்று அதே மருந்தை வாங்கிப்போகமுடிவது அந்தக் காணிக்கையினால்தான்.

ஆகவே தொடர்ந்து தாங்குங்கள். அதோடு, தாங்குகிற எந்த மருத்துவமனையிடமும் கேள்வி கேட்கத் தயங்காதிருங்கள்: இங்கே ஆராய்ச்சி நடக்கிறதா, நெறிமுறைக் குழு அனுமதித்ததா, முடிவை அந்த மக்களுக்குச் சொன்னீர்களா? இந்த இதழில் வரும் நோயாளியின் படத்துக்கும் சாட்சிக்கும் அவர் சம்மதம் பெறப்பட்டதா என்றும் கேளுங்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் ஒவ்வொரு நோயாளியையும் தேவசாயலில் படைக்கப்பட்டவராகக் கண்டு நடத்தும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.