வாடகைக் காருக்கு எத்தனை சி.சி. வேண்டும்?

ஏழெட்டுப் பேர் அமரும் பெரிய காரை வாடகைக்கு ஓட்டவென்று வாங்குபவர், வங்கியில் கடன் விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன்பே ஒரு முடிவை எடுத்துவிடுகிறார். அது டீசல் எஞ்சினின் அளவு. 1.5 லிட்டரா, 2.2 லிட்டரா, 2.4 லிட்டரா என்னும் அந்த ஒரு தேர்வு, காரின் விலையையும், அடுத்த ஐந்தாண்டுகளுக்குச் செலுத்தவேண்டிய மாதத் தவணையையும், நாள்தோறும் நிரப்பவேண்டிய டீசலையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. ஆயினும் பலர் நண்பர் ஒருவரின் சொல்லைக் கேட்டோ, கார் நிறுத்தத்தில் அடுத்து நிற்கும் வண்டியைப் பார்த்தோதான் இதை முடிவு செய்கின்றனர். சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குபவர் தேவைக்கு மிஞ்சிய எஞ்சினைத் தேர்ந்தால் கொஞ்சம் பணம் வீணாகும்; அவ்வளவே. வாடகைக் காரின் வருவாயில் குடும்பம் நடத்துபவருக்கோ, அதே தேர்வு தவணை தவறுவதில் கொண்டுபோய் விடலாம்.

சி.சி. என்பது எஞ்சினின் சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் நகரும் இடத்தின் மொத்தக் கொள்ளளவு. பெரிய சிலிண்டர் அதிகக் காற்றை இழுக்கும். அதிகக் காற்று இருந்தால் அதிக டீசலை எரிக்கலாம். ஒரு காலத்தில் எஞ்சினின் வலிமையை இந்த ஒரே எண்ணைக் கொண்டு அளந்துவிட முடிந்தது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போவும், உயர் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் முறையும் வந்தபின் அந்தக் கணக்கு மாறிவிட்டது.

நம் சாலைகளில் நெடுங்காலமாக ஓடிவரும் பழைய டொயோட்டா இன்னோவாவையே எடுத்துக்கொள்வோம். அதன் 2,494 சி.சி. டீசல் எஞ்சின் தந்தது 102 குதிரைத்திறன். முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டர். இன்று கியா கேரன்ஸ் காரில் உள்ள 1,493 சி.சி. டீசல் எஞ்சின் 115 குதிரைத்திறனையும் 250 நியூட்டன் மீட்டரையும் தருகிறது. ஆயிரம் சி.சி. குறைந்திருந்தும் இழுவிசை கூடியிருக்கிறது. 2016-இல் வந்த இன்னோவா கிரிஸ்டா இன்னொரு பாடம். அதில் கையால் கியர் மாற்றும் 2.4 லிட்டர் எஞ்சினின் முறுக்குவிசை 343 நியூட்டன் மீட்டர். தானியங்கிக் கியருடன் வந்த 2.8 லிட்டர் எஞ்சினின் முறுக்குவிசை 360. விலைப் பட்டியலில் பெரிதாகத் தெரிந்த அந்த இடைவெளி, சுமை இழுப்பதில் வெறும் 17 நியூட்டன் மீட்டராகச் சுருங்கிவிட்டது. 2020-இல் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது கிரிஸ்டாவில் அந்த 2.8 லிட்டர் எஞ்சினே கைவிடப்பட்டது. வாடகைத் தொழிலைப் பொறுத்தவரை அது யாருக்கும் இழப்பில்லை என்பதே நம் கருத்து.

மஞ்சள் எண்பலகை தாங்கிய காருக்கு மற்றொரு உண்மையும் உண்டு. அதில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. எட்டுப் பேரும் பெட்டிகளும் ஏறிய பெரிய கார் ஏறத்தாழ 2.4 டன் எடை கொண்டது. அது சமதளத்தில் சீராக 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, குளிர்சாதனத்தையும் சேர்த்து 30 குதிரைத்திறன் தாராளமாகப் போதும். நூறடிக்கு எட்டடி உயரும் மலைச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கும் 35 குதிரைத்திறனை ஒட்டியே தேவைப்படும். 102 குதிரைத்திறன் இன்னோவா இமயச் சாலைகளில் ஆண்டுக்கணக்கில் தயங்காமல் ஏறியதன் காரணம் இதுதான். ஆகவே 170, 180 என்று விளம்பரத்தில் மின்னும் குதிரைத்திறன், நெடுஞ்சாலையில் முந்திச் செல்ல விரும்பும் சொந்தக்காரருக்கானது. சட்டப்படி 80-ஐத் தாண்டக்கூடாத காருக்கு அதை விலை கொடுத்து வாங்குவதில் பொருளில்லை.

அப்படியானால் சிறிய எஞ்சினே எல்லார்க்கும் போதுமா? போதாது. காரணம், விளம்பரம் காட்டும் முறுக்குவிசை டர்போ முழுவதும் விழித்துக்கொண்டபின் கிடைப்பது, பெரும்பாலான 1.5 லிட்டர் எஞ்சின்களில் நிமிடத்துக்கு 1,500 சுற்றை எட்டிய பிறகே அது கைக்கு வரும். அதற்குக் கீழே அந்த எஞ்சின் தன் உண்மையான அளவுக்குத் திரும்பிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் முழுச்சுமையுடன் நின்று மீண்டும் புறப்படும் ஓட்டுநருக்கு இது நன்றாகத் தெரியும். வண்டி திணறும், அவர் கிளட்சைப் பாதி அழுத்தியபடி எஞ்சினை முடுக்குவார், கிளட்ச் தட்டு சூடேறி மணக்கும். 2.4 லிட்டர் எஞ்சினோ டர்போவை எதிர்பாராமல் தன் கொள்ளளவாலேயே நகர்ந்துவிடும். உயரம் கூடக்கூட இந்த வேறுபாடு கூர்மையாகும். ஹரித்துவாரத்தில் சுமார் 300 மீட்டர் உயரத்தில் புறப்படும் கார் பத்ரிநாத்தை அடையும்போது 3,100 மீட்டரைக் கடந்துவிடுகிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட 30 விழுக்காடு குறைவு. டர்போ சுழன்றுவிட்டால் அக்குறையின் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். சுழல்வதற்கு முந்தைய அந்தச் சில நொடிகளில்தான் சிறிய எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. சார்தாம் பருவம் முழுவதும் எட்டுப் பயணிகளுடன் மலையேறும் காருக்கு 2.2 அல்லது 2.4 லிட்டர் எஞ்சின் ஆடம்பரமன்று, அது தொழிற்கருவி.

ஆயுளையும் கருதவேண்டும். பழைய இன்னோவா எஞ்சினிடம் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 41 குதிரைத்திறனே கேட்கப்பட்டது. கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் எஞ்சினிடம் 63 கேட்கப்படுகிறது, 1.5 லிட்டர் எஞ்சினிடம் 77. ஒரே சுமையைச் சுமக்கச் சிறியது கடுமையாக உழைக்கிறது. மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடினால் ஐந்தாண்டில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஆகும். அந்தத் தொலைவில் டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் ஆகியவற்றின் தேய்மானம் கணக்கில் வரும். நாள்முழுதும் ஐந்து பேருடன் சமவெளியில் ஓடும் காருக்கு இந்த அச்சம் வேண்டியதில்லை; கூரையிலும் மூட்டை ஏற்றி ஓடும் காருக்கு வேண்டும். நகருக்குள் சிறு தொலைவுகளே ஓடும் காருக்கு வேறொரு தொல்லை உண்டு. பி.எஸ். 6 டீசல் கார்களின் புகைக்கரி வடிகட்டி, நெடுஞ்சாலையில் சூடாக ஓடினால்தான் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். விமான நிலையத்துக்கும் ஓட்டலுக்கும் இடையே மட்டும் ஓடும் காருக்கு எந்த அளவிலும் டீசல் ஏற்றதன்று; சி.என்.ஜி. கிடைக்கும் நகரங்களில் அதுவே சிக்கனம்.

இனி ரூபாய்க் கணக்கு. எடுத்துக்காட்டாக, 1.5 லிட்டர் காரைவிட 2.4 லிட்டர் கார் ஆறு லட்சம் ரூபாய் கூடுதல் விலை என்றும், அந்தத் தொகை முழுவதும் 10 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடன் என்றும் கொள்வோம். லட்சத்துக்கு மாதம் ஏறத்தாழ 2,125 ரூபாய் வீதம் கூடுதல் தவணை 12,750 ரூபாய். முழுச்சுமையில் சிறிய கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டரும் பெரிய கார் 12 கிலோமீட்டரும் கொடுத்தால், மாதம் 5,000 கிலோமீட்டருக்கு 104 லிட்டர் அதிகம் எரியும். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றால் 9,375 ரூபாய். இரண்டும் சேர்ந்து 22,125 ரூபாய். ஓடும் 5,000 கிலோமீட்டரும் வருவாய் தருவதில்லை. பயணியை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புவது போக 4,000 கிலோமீட்டருக்கே வாடகை கிடைப்பதாக வைத்துக்கொண்டால், பெரிய எஞ்சின் ஒவ்வொரு வாடகைக் கிலோமீட்டருக்கும் ஐந்தரை ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தாகவேண்டும். ஐந்தாண்டு கழித்து விற்கும்போது பெரிய காருக்கு மூன்று லட்சம் ரூபாய் அதிகம் கிடைக்குமானால், மாதத்துக்கு 5,000 ரூபாய் வீதம் கழித்து, அந்த எண் 4 ரூபாய் 28 காசாகக் குறையும். உங்கள் ஊரில் இருவகைக் கார்களுக்கும் உள்ள கிலோமீட்டர் வாடகை வேறுபாட்டை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடை அங்கேயே இருக்கிறது.

இதே கணக்கை மாதம் 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓடுபவருக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். டீசல் செலவின் வேறுபாடு 5,625 ரூபாயாக இறங்கும்; தவணையோ ஒரு ரூபாயும் இறங்காது. வாடகை கிடைக்கும் 2,400 கிலோமீட்டரில் ஒவ்வொன்றும் ஏழரை ரூபாய்க்கு மேல் கூடுதலாகத் தரவேண்டியிருக்கும். குறைவாக ஓடுகிறோமே, பெரிய எஞ்சினால் டீசல் செலவு அவ்வளவாகத் தெரியாது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் அகப்பட்டுக்கொள்கின்றனர்.

சி.சி. என்பது அரசு கோடு போடும் எண்ணும்கூட. 2015 டிசம்பரில் டெல்லியிலும் அதைச் சூழ்ந்த தேசியத் தலைநகர் வட்டாரத்திலும் 2,000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இன்னோவா விற்பனை அங்கே ஒரே நாளில் நின்றது. மகிந்திரா நிறுவனம் அடுத்த மாதமே தன் 2.2 லிட்டர் எஞ்சினை 1.99 லிட்டராகச் சுருக்கிக் கொண்டுவந்தது. காரின் விலையில் ஒரு விழுக்காடு சுற்றுச்சூழல் கட்டணம் என்ற நிபந்தனையுடன் 2016 ஆகஸ்டில் தடை நீங்கியது. இடைப்பட்ட எட்டு மாதங்களில் கார் வாங்கித் தொழில் தொடங்கக் காத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதே வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்கள் ஓடக்கூடாது என 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டதும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியதும், 2025-இல் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தி இடைக்கால ஆணை வந்ததும், காரின் மறுவிற்பனை விலையை ஒவ்வொரு முறையும் அசைத்துப் பார்த்தவை.

வரியில் வேறு கோடு. 2025 செப்டம்பர் 22 முதல், 1,500 சி.சி.க்கு உட்பட்டதும் நான்கு மீட்டர் நீளத்தை மீறாததுமான டீசல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, மற்றவற்றுக்கு 40 விழுக்காடு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே நிறைவேறவேண்டும். மகிந்திரா பொலேரோ இரண்டையும் நிறைவேற்றுகிறது. நான்கு மீட்டரைத் தாண்டிய கேரன்ஸ் 1.5 லிட்டர் எஞ்சினே கொண்டிருந்தாலும் 40 விழுக்காட்டில்தான் வரும். ஆகவே எஞ்சின் சிறியது என்பதால் மட்டும் வரிச்சலுகை கிடைத்துவிடாது. ஆறு பயணிகள் வரை ஏற்றும் வாடகைக் கார்களின் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் 1,000, 1,500 சி.சி. என்ற படிகளில் உயர்கிறது. ஆனால் அதன் வேறுபாடு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். அதற்காக எஞ்சினை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

வருமான வரிக் கணக்கில் வாடகைக்கு ஓடும் காருக்கு ஆண்டுக்கு 30 விழுக்காடு தேய்மானம் அனுமதிக்கப்படுகிறது. வாடகைக்கு விடாத காருக்கு 15 விழுக்காடே. விலையுயர்ந்த காருக்கு இது நல்ல சலுகைபோலத் தோன்றும். முறையான கணக்குப் புத்தகம் வைத்து, உண்மையில் வரி செலுத்தும் அளவுக்கு வருவாய் உள்ளவருக்கே இது பயன்படும். உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுபவர் தேய்மானத்தைத் தனியே கழிக்க இயலாது.

கடனைப் பொறுத்தவரை, பிரதமரின் முத்ரா திட்டத்தில் தருண் பிரிவின் வரம்பு 10 லட்சம் ரூபாய். அக்கடனைப் பெற்று முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முதன்முறை கார் வாங்கும் ஓட்டுநருக்கு இந்த வரம்பே சிறிய எஞ்சினின் பக்கம் சாய ஒரு காரணமாகலாம். வங்கிக்கு வரும்போது விலைப்பட்டியலுடன், எந்தத் தடத்தில் ஓட்டப்போகிறீர்கள், மாதம் எத்தனை கிலோமீட்டர், அதில் வெறுமையாக ஓடுவது எத்தனை, ஒப்பந்தம் ஏதும் கையில் உண்டா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தவணைக் காலத்தை ஐந்தாண்டுக்கு மேல் நீட்டினால்தான் பெரிய காரின் தவணை கட்டுப்படியாகும் என்ற நிலை இருந்தால், அந்தத் தாளை மேலாளரிடம் காட்டும் முன்பே 1.5 லிட்டர் காரின் விலையையும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.