பால் காணாது என்னும் அவசரத் தீர்ப்பு

படுவான்கரையில் மண்டூராயினும் எழுவான்கரையில் மருதமுனையாயினும், மாதாந்தம் பிள்ளை நிறுக்கும் கிளினிக்கிலிருந்து சில தாய்மார் மனக்கலக்கத்துடனேயே வீடு திரும்புகின்றனர். பதிவேட்டில் நிறைக்கோடு எதிர்பார்த்த அளவுக்கு ஏறாவிடின், 'பால் காணாது' என்ற தீர்ப்பு வீட்டிலேயே வழங்கப்பட்டு விடுகிறது. மறுநாள் பால்மாப் பேணி வந்துவிடுகிறது.

இத்தீர்ப்பு பல சந்தர்ப்பங்களில் அவசரமானது. பிறந்த குழந்தை முதற் சில நாட்களில் தனது நிறையில் 10 வீதம் வரை இழந்து, ஏறத்தாழ இரு வாரங்களில் அதை மீளப் பெறுவது இயல்பே. முதல் மூன்று மாதங்களில் விரைந்து கூடும் நிறை, அதன் பின்னர் மெதுவாகவே கூடும். முன்னர் பல நாடுகளில் பயன்பட்ட வளர்ச்சி வரைபு, பெரும்பாலும் புட்டிப்பால் அருந்திய அமெரிக்கக் குழந்தைகளை அளந்து தயாரிக்கப்பட்டதாகும். அதில் தாய்ப்பால் அருந்தும் குழந்தைகள் பின்தங்கியோராகவே தோன்றினர். இக்குறையை நீக்கவே இந்தியா, ஓமான், கானா, பிரேசில், நோர்வே, அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் தாய்ப்பால் ஊட்டப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து, உலக சுகாதார நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் புதிய நியமங்களை வெளியிட்டது.

எனவே ஒரு நாள் நிறுவையை விட, கோடு செல்லும் திசையே முக்கியமானது. சிறிய குழந்தை தனக்குரிய கோட்டில் சீராக ஏறுமாயின் அச்சத்துக்கு இடமில்லை. கோடு கிடையாகச் சென்றாலோ கீழிறங்கினாலோ காரணத்தைக் கண்டறிதல் வேண்டும்.

குழந்தை உறிஞ்ச உறிஞ்சவே பால் சுரக்கும். புட்டி வந்ததும் உறிஞ்சுதல் குறைகிறது. அதனால் சுரப்பும் குறைகிறது. பொய்யாக இருந்த பற்றாக்குறை அப்போதுதான் மெய்யாகிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, குழந்தை வாயை அகலத் திறந்து முலைக்காம்புடன் கருவட்டத்தையும் பற்றுகின்றதா, இரவு உட்பட நாளொன்றுக்கு 8 தடவைகளுக்குக் குறையாமல் குடிக்கின்றதா என்பனவற்றையே. முதல் வாரத்தின் பின் நாளொன்றுக்கு 6 தடவைகளேனும் சிறுநீர் கழிப்பது போதிய பால் கிடைப்பதன் அறிகுறியாகும். வெயில் காலத்திலும் 6 மாதம் வரை தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலின் பெரும்பகுதி நீரே.

ஆயினும் குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, இரு வாரங்களாகியும் பிறந்த நிறையை எட்டாவிட்டாலோ தாமதியாது வைத்தியரை நாட வேண்டும். வைத்தியர் மேலதிகப் பால் கொடுக்குமாறு கூறின் அதைத் தாயின் தோல்வியாகக் கொள்ளலாகாது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்றதை நாம் மறந்துவிடவில்லை. பேணியை நம்பிய வீடு எத்துணை நிர்க்கதியானது என்பதை அந்நாட்கள் உணர்த்தின. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்குத் திருக்குர்ஆன் (2:233) பூரண இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுவதுடன், தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. இப்பொறுப்பு எச்சமயத்தவருக்கும் பொருந்தும்.

தாய்க்கு ஓய்வும் உணவும் ஆறுதலும் அளிப்பது கணவனதும் மாமியாரதும் கடமை. பேணியை வாங்குமுன் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.